பின்னலை அவிழ்க்க முதல்: ஸ்கார்ஃப், தொப்பி, புக்மார்க் பிழைகளும் திருத்தங்களும்

யாழ்ப்பாணத்தில் கம்பளி நூலில் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் தமக்காகப் பின்னுவதில்லை. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் லண்டனிலும் இருக்கிற பேரப்பிள்ளைக்கும் மருமகளுக்கும்தான் ஸ்கார்ஃபும் தொப்பியும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்துவிட்டால், அங்கே பனி தொடங்க முதல் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வேலை மும்முரமாக நடப்பது வைகாசிக்கும் ஆடிக்கும் இடையில், வெக்கையும் சோளகமும் உள்ள நேரத்தில். நூல் குளிர் நாட்டுக்குச் செய்தது. பின்னல் குறிப்பு குளிர் நாட்டில் எழுதியது. கழுவுகிற தண்ணியோ சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணி. பல பிழைகளுக்குக் காரணம் கை இல்லை, இந்தப் பொருத்தமின்மைதான். பழகத் தொடங்கிய பிள்ளைகள் “எனக்கு இது வராது” என்று ஊசியை லாச்சிக்குள் வைத்து மூடுவது எனக்குப் பெரிய கவலை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பிழையைக் கண்டாலும் உடனே நூலைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள்: ஊசியின் பருமன் எத்தனை மில்லிமீற்றர், ஊசியில் இப்போது எத்தனை கண்ணி (ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையம்), துணியின் எந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது. இரண்டு கால் விரித்துத் தெரிவது நிட் கண்ணி. கழுத்தில் மேடு கட்டித் தெரிவது பர்ல் கண்ணி. இந்த இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கப் பழகினாலே மற்றவை விளங்கத் தொடங்கும்.

சொன்ன இலக்க ஊசியில்தான் பின்னினேன், அளவு பிழைக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அம்மம்மா காலத்து ஊசிகள் கிடக்கும். அவற்றில் பொறித்திருப்பது பழைய பிரிட்டிஷ் இலக்கம். இப்போது இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் நிறைய அமெரிக்க இலக்கத்தில் இருக்கும். இரண்டும் எதிரெதிராகப் போகும். பிரிட்டிஷ் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க இலக்கம் கூடக் கூட ஊசி பருக்கும். அமெரிக்க 6 என்றால் 4 மி.மீ., பிரிட்டிஷ் 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ., பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ. ஆக, ஒரே இலக்கத்தை நம்பி இருந்தால் தொப்பி ஒன்றில் தலைக்குள் போகாது, அல்லது கண்ணை மறைத்துக்கொண்டு விழும்.

கணக்காகப் பார்த்தால் இப்படி: பெரியவர் ஒருவரின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்று வைப்போம். தொப்பி இறுகிப் பிடிக்க 5 செ.மீ. குறைத்து 51 செ.மீ. பின்ன வேண்டும். டிகே என்கிற நடுத்தரப் பருமன் நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருவது வழக்கம். 51 செ.மீ.க்கு 112 கண்ணி. அதே 112 கண்ணியை 5 மி.மீ. ஊசியில் பின்னி, 10 செ.மீ.க்கு 18 கண்ணி விழுந்தால் தொப்பியின் சுற்றளவு 62 செ.மீ. ஆகிவிடும். உங்கள் கை ஒரு பிழையும் செய்யவில்லை, ஆனாலும் தொப்பி கழன்று விழும்.

திருத்தம்: இலக்கத்தை மறந்துவிட்டு மில்லிமீற்றரைப் பாருங்கள். ஊசியில் அளவு இல்லையென்றால், ஒரு கடதாசித் துண்டை ஊசியில் இறுக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, சுற்றிய நீளத்தைப் பத்தாலும் பிறகு 3.14 ஆலும் வகுத்தால் பருமன் கிட்டத்தட்ட வரும். மெல்லிய கடதாசியாக இருக்கட்டும். அப்புறம் மாதிரித் துண்டு. 30 கண்ணி போட்டு, 12 செ.மீ. உயரம் பின்னி, கழுவிக் காய விட்டு, நடுவில் அடிமட்டத்தை வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் கொஞ்சம் விலகி நிற்கும், அதனால்தான் நடுவில் அளக்கச் சொல்கிறேன். கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைவாக வந்தால் சிறிதாக்குங்கள். கையை இறுக்கியும் தளர்த்தியும் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பத்து வரிசைக்குள் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஸ்கார்ஃப் போகப் போக அகலமாகிறது

கண்ணி எங்கேயோ கூடுகிறது. எங்கே என்று ஸ்கார்ஃபே காட்டித் தரும். ஓரம் மட்டும் சரிந்து விரிந்தால், ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் பிழை. வரிசை திரும்பும்போது நூலை ஊசிக்கு மேலால் பின்னுக்குக் கொண்டுபோனால், முதல் கண்ணி மேலே இழுபட்டு இரண்டு கால் காட்டும். பழகாத கண் அதை இரண்டு கண்ணியாக எடுத்து இரண்டு தடவை பின்னிவிடும். நூலை ஊசிக்குக் கீழாலேயே கொண்டுபோங்கள், அவ்வளவுதான்.

நடுவில் சின்ன ஓட்டை தெரிந்து, அதற்கு மேலே அகலம் கூடியிருந்தால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அந்த ஓட்டைக்கு நேர் மேலே உள்ள கண்ணியை ஊசியிலிருந்து கழற்றி, ஓட்டை வரை ஓடவிடுங்கள். மிஞ்சும் நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குள் ஊசி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் மறைந்துவிடும். ஓட்டையும் இல்லை, ஓரமும் சரியவில்லை என்றால், நூலின் இழை பிரிந்து ஒரு கண்ணி இரண்டாகியிருக்கும். அக்றிலிக் நூலில், அதுவும் கூர் ஊசியில், இது அடிக்கடி நடக்கும்.

கடலலை ஸ்கார்ஃப் பின்னுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்த அலைக்கு 18 கண்ணி ஒரு கட்டு: இரண்டு இரண்டாகச் சேர்த்து மூன்று தடவை, பிறகு “நூல் சுற்று, ஒரு நிட்” (நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு நிட்) ஆறு தடவை, மறுபடி இரண்டு இரண்டாக மூன்று தடவை. ஆறு குறைகிறது, ஆறு கூடுகிறது, 18 இல் தொடங்கி 18 இல் முடிய வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் வேறு நிற நூலில் ஒரு சின்ன வளையம் மாட்டி விடுங்கள். அலை வரிசை முடிந்ததும் கட்டுக் கட்டாக எண்ணினால் எந்தக் கட்டில் பிழை என்று உடனே தெரியும், முழுவதையும் எண்ணித் தலை சுற்ற வேண்டியதில்லை. அடி ஓரம் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது பிழை இல்லை, அந்தப் பின்னலின் அழகே அதுதான். வாடைக்காலத்துக் கடலுக்கு ஈய நிறமும் சோளகக் காலத்துக்குப் பச்சை கலந்த நீலமும் வைத்து இதைப் பின்னிப் பாருங்கள்.

ஸ்கார்ஃப் ஒடுங்குகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஒன்றில் இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னியிருக்கிறீர்கள், அல்லது கண்ணி ஒன்று நழுவி விழுந்திருக்கிறது. முந்தையது என்றால் இரண்டு கண்ணிக்கு இடையில் கிடக்கும் குறுக்கு நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னினால் எண்ணிக்கை சரி. விழுந்தது என்றால் அடுத்த பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணி நழுவி ஏணி போல ஓடுகிறது

கையை அசைக்காமல் முதலில் ஒரு சேப்டி பின்னை அந்தக் கண்ணிக்குள் மாட்டுங்கள். இனி அது ஓடாது. இப்போது பார்த்தால், விழுந்த கண்ணிக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கு நூல்கள் கிடக்கும். ஒரு குறுக்கு நூல் ஒரு வரிசை. துணியின் நிட் பக்கத்தைத் திருப்பி வைத்து, குரோஷே ஊசியை முன்னிருந்து பின்னாகக் கண்ணிக்குள் விட்டு, ஆக அடியில் உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் பிடித்து, கண்ணிக்குள்ளால் வெளியே இழுங்கள். அதுவே புதுக் கண்ணி. அப்படியே அடுத்த நூல், அதற்கடுத்த நூல் என்று ஊசி வரை ஏறுங்கள். நடுவில் ஒரு நூலைத் தவறவிட்டால் பின்பக்கம் ஒரு தொங்கல் தெரியும், அதை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம். எல்லா வரிசையும் நிட்டாக உள்ள துணியில், ஒரு நூலை முன்பக்கத்தாலும் அடுத்ததைப் பின்பக்கத்தாலும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கம்பளியில் கண்ணி அப்படியே ஒட்டி நிற்கும், அவசரம் இல்லை. மினுக்கம் உள்ள பருத்தி நூலில் கண் இமைக்க முதல் ஓடிவிடும்.

ஓட்டை ஓட்டையாக வரும் இலைப் பின்னலில் கண்ணி விழுந்தால் திருப்பி எடுப்பது கஷ்டம். அதற்கு முன்காப்புத்தான் வழி. பிழையில்லை என்று எண்ணி உறுதிப்படுத்திய வரிசையில், மழுங்கிய ஊசியில் மெல்லிய தையல் நூலைக் கோத்து, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிக்குள்ளாலும் இழுத்து விட்டுவிடுங்கள். மேலே என்ன நடந்தாலும் அந்த நூல் வரைதான் அவிழும். நான் இலைப் பின்னலை இது இல்லாமல் தொடுவதில்லை.

ஓரம் சுருண்டு ஸ்கார்ஃப் குழாயாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று பின்னும் மழமழப்பான துணியில் முன்பக்கத்தின் இழுவையும் பின்பக்கத்தின் இழுவையும் ஒன்றில்லை. அதனால் இரண்டு பக்க ஓரங்களும் பின்னோக்கிச் சுருளும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்னோக்கிச் சுருளும். எத்தனை கெட்டிக்காரர் பின்னினாலும் சுருளும். அயன் பண்ணி நிறுத்தலாம் என்று நினைப்பது வீண். கம்பளியில் அது சில நாளில் திரும்பி வரும்.

தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் 5 அல்லது 6 கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னுங்கள். அடியிலும் முடிவிலும் 8 வரிசை அதே மாதிரி. அகலமான ஸ்கார்ஃபில் இதுவும் முழுதாகப் போதாது. அதனால் ஸ்கார்ஃபுக்கு மழமழப்புத் துணியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வரும் ரிப், அல்லது முழுக்க நிட், இவை தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் ஒரே அழகு. கோயில் தூணில் யாளியின் உடம்பைப் பார்த்து எடுத்த செதில் வடிவத்தை நிட், பர்ல் மாற்றங்களாலேயே கொண்டுவரலாம். நிட்டும் பர்லும் கலந்து வருவதால் அதுவும் சுருளாது.

ஏற்கனவே முடித்துவிட்டீர்களா? அக்றிலிக் நூல் என்றால் ஒரு வழி உண்டு. குண்டூசியால் நேராக விரித்துக் குத்தி, மேலே ஈரத்துணி போட்டு, அயன்பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு, மூன்று செ.மீ. மேலே பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். பெட்டி பட்டால் நூல் உருகி மினுங்கும், தொய்யும், பிறகு ஒருநாளும் பழைய நிலைக்கு வராது. மாதிரித் துண்டில் செய்து பார்த்துவிட்டே ஸ்கார்ஃபில் கை வையுங்கள்.

மயில் தோகை, சேவல் கொண்டை: படம் உள்ள இடத்தில் துணி சுருங்குகிறது

இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னும்போது, பின்னாத நிறம் பின்பக்கத்தால் குறுக்கே போகும். அது இறுகிவிட்டால் முன்னால் சுருக்கம் விழும். நிறம் மாற்ற முதல், வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் நன்றாக விரித்துவிட்டு நூலைக் கொண்டுபோங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஒரு நிறம் நீண்டால் நடுவில் ஒரு தரம் மற்ற நூலோடு பின்னிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் விரல் உள்ளே மாட்டும். முடித்த தொப்பி என்றால், கம்பளியாக இருந்தால் நனைத்து இழுத்துக் காயவைக்கக் கொஞ்சம் இளகும். அதிகம் இறுகியிருந்தால் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தோகைக் கண்ணின் நீலம் சில வரிசையில் பளிச்சென்றும் சில வரிசையில் மங்கியும் தெரிந்தால் சாயத்தில் குறை இல்லை. பின்பக்கத்தில் எந்த நூல் கீழால் போகிறதோ அதுவே முன்னால் எடுப்பாகத் தெரியும். நீலத்தை எப்போதும் கீழால், பின்னணி நிறத்தை எப்போதும் மேலால் என்று ஒரே ஒழுங்கில் வைத்தால் தோகை சீராக வரும்.

தொப்பிகள்

முதல் சுற்று முடிந்ததும் விளிம்பு ஊசியைச் சுற்றி முறுக்கியிருக்கிறது என்றால், முதல் சுற்றோடு கண்டால் மட்டுமே திருப்பலாம். அதற்குப் பிறகு அவிழ்க்கத்தான் வேண்டும். சேர்க்க முதல் எல்லாக் கண்ணியின் அடியும் உள்பக்கம் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நான்கு ஊசியில் பின்னும்போது ஊசி மாறும் இடத்தில் ஏணி போல இடைவெளி விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்குத் தள்ளி, சேரும் இடத்தை நகர்த்திக்கொண்டே போங்கள்.

பருவத்துக்கு ஒரு நிறமாகக் கோடு போட்ட தொப்பியில் (மாரிக்குச் சாம்பல், மார்கழிக்கு வெள்ளை, பங்குனிக்கு மாந்தளிர் நிறம், சோளகத்துக்குப் புழுதிச் சிவப்பு) கோடு சேரும் இடத்தில் படி விழும். சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற பின்னல் என்பதால் அது இயல்பு. புது நிறத்தின் முதல் சுற்றைப் பின்னி, இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றிவிடுங்கள். படி மறையும்.

விளிம்பு இறுகி நெற்றியில் தடம் போட்டால், கண்ணி போடும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுத்திருக்க வேண்டும். முடித்த தொப்பியையும் காப்பாற்றலாம். போட்ட வரிசைக்கு ஒரு வரிசை மேலே உள்ள கண்ணிகளை எல்லாம் ஒரு ஊசியில் ஏற்றி, அடி விளிம்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பெரிய ஊசியால் தளர்வாக மூடுங்கள். கத்தரிக்கோல் வைக்கப் பயமாகத்தான் இருக்கும். கண்ணிகள் ஊசியில் இருக்கும்வரை ஒன்றும் அவிழாது.

மந்திரவாதித் தொப்பியின் கூம்பு நிற்காமல் மடிந்து விழுவதற்குக் காரணம், நூலின் பருமனுக்கு ஊசி பெரிதாக இருப்பது. கூம்பு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் சிறிய ஊசிக்கு மாறுங்கள், நூலை இரட்டையாகப் பிடித்தால் இன்னும் நல்லது. கூம்பு குட்டையாக, உருண்டையாக வந்தால் கண்ணியை வேகமாகக் குறைத்துவிட்டீர்கள். சாதாரணத் தொப்பியில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக் குறைப்பது சரி, கூம்புக்கு நான்கு சுற்றுக்கு ஒரு தரம் போதும். 112 கண்ணியை எட்டுப் பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒன்று குறைத்து வந்தால் கடைசியில் 8 கண்ணி மிஞ்சும். நூலை அந்த எட்டுக்குள்ளாலும் இரண்டு தரம் ஓட்டி இழுத்தால் உச்சியில் ஓட்டை இராது.

புக்மார்க் வைத்தால் புத்தகம் மூடவில்லை

தொப்பி பின்னி மிஞ்சிய நூலில் புக்மார்க் பின்னினால் அப்படித்தான். டிகே நூல் புத்தகத்துக்குத் தடிப்பு, முதுகுத் தையலையும் நெகிழ்த்திவிடும். மெல்லிய பருத்திக் குரோஷே நூலும் 2 மி.மீ. ஊசியும் எடுங்கள். அகலம் 4 செ.மீ., நீளம் 18 செ.மீ. போதும். பூவரசம் இலை, ஆலிலை, பனங்குருத்து எல்லாம் இந்த அளவில் அழகாக வரும். யாளி வால் தொங்க வேண்டும் என்றாலும் சரி, குஞ்சம் வேண்டும் என்றாலும் சரி, முடிச்சு புத்தகத்துக்கு வெளியே நிற்கட்டும்.

விறைப்பு வேண்டும் என்று கஞ்சி போடுகிறார்கள். வேட்டிக்குப் போடுகிற தடித்த கஞ்சியைப் போட்டால் இராமபாணப் பூச்சியைப் புத்தகத்துக்குள் கூப்பிட்டு விடுகிறீர்கள். மாப்பொருள்தான் அதற்கு விருப்பமான சாப்பாடு, எங்கள் ஈரக் காற்றில் அது நன்றாகப் பெருகும். பருத்தியை நனைத்து, துவாயின் மேல் குண்டூசியால் ஓரம் ஓரமாக இழுத்துக் குத்தி நன்றாகக் காயவிட்டாலே பெரும்பாலும் போதும். இலையின் நுனி நிற்கவே இல்லை என்றால், நீர்த்த கஞ்சியை அந்த நுனியில் மட்டும் தடவுங்கள். கடும் சிவப்பு, கடும் நீல நூல்களை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால், நிறம் போவது நிற்கும்வரை குளிர் தண்ணியில் அலசாமல் புத்தகத்துக்குள் வைக்கக் கூடாது.

நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை

வெக்கைக் காலப் பிரச்சினை. வியர்வைதான் காரணம், மூங்கில் ஊசியில் இன்னும் மோசம். மழமழப்பான உலோக ஊசிக்கு மாறுங்கள், கையைக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் பவுடர் போடுங்கள். மத்தியானத்தில் பின்னாமல் விடிய வெள்ளன இருந்து பின்னுவது எல்லாவற்றையும் விட நல்லது. காலையில் தளர்வாகவும் மத்தியானம் இறுக்கமாகவும் பின்னினால் அந்த வித்தியாசம் ஸ்கார்ஃபில் பட்டையாகத் தெரியும்.

கழுவிய பிறகு

விறைத்து, வெள்ளைப் படலம் தெரிந்தால் அது சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணிச் சுண்ணாம்பும் சேர்ந்து படிந்தது. சவர்க்காரத்துக்குப் பதில் கொஞ்சம் ஷாம்பு போடுங்கள், கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணி இருந்தால் வினாகிரியும் தேவையில்லை.

நீண்டு தொங்குகிறது என்றால் ஈரத்தோடு கொடியில் போட்டிருக்கிறீர்கள். மறுபடி நனைத்து, துவாயில் சுருட்டித் தண்ணியை ஒற்றி எடுத்து, நிழலில் பாயில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். எங்கள் வெயில் நிறத்தைத் தின்றுவிடும்.

சுருங்கித் தடித்து, கண்ணியே தெரியாமல் போனால் கம்பளி சூட்டிலும் தேய்ப்பிலும் இறுகிப்போய்விட்டது. அதைத் திருப்ப முடியாது. ஆனால் அப்படி இறுகிய துணியை வெட்டினாலும் பிரியாது. இலையாகவும் நட்சத்திரமாகவும் வெட்டி, அடுத்த தொப்பியில் தைக்கலாம்.

இதே விபத்து கனடாவிலும் நடக்கும். அங்கே எல்லாவற்றையும் சேர்த்து மெஷினில் போடுவார்கள். அதனால் பார்சலில் வைக்க முதல், நூல் கம்பளியா அக்றிலிக்கா, எந்தத் தண்ணியில் கழுவுவது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பின் பண்ணி விடுங்கள். அதே நூலில் இரண்டு, மூன்று முழம் சேர்த்து வையுங்கள், அறுந்தால் அவர்கள் தைத்துக்கொள்ளலாம்.